தொலைவு, வேகம், நேரம்: வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக்கும் வழி

சென்னை தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஒருபடிச் சமன்பாட்டை நேராக எழுதிக் கொடுத்தால் மூன்று வரியில் தீர்த்துவிடும் பிள்ளைகள்கூட, அதே சமன்பாடு ஒரு ரயிலையோ படகையோ பற்றிய கதையாக வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அப்போது அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த ஃபார்முலா போடணும் அக்கா?"

சிக்கலின் வேர் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. இந்தப் பாடத்தில் சூத்திரம் ஒன்றே ஒன்று: தொலைவு என்பது வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. எல்லாக் கணக்கிலும் அதுவே மாறாமல் வருவதால், எந்தக் கணக்கையும் அது தனித்து நின்று தீர்த்துவைப்பதில்லை. கதைக்குள் எது எதற்குச் சமம் என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் சமன்பாடு கையில் வந்துவிடும். மீதி, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த கூட்டல், கழித்தல், பக்கம் மாற்றுதல் மட்டுமே.

முதலில் அலகைச் சீர்செய்ய வேண்டும்

நான் திருத்தும் விடைத்தாள்களில் அடிக்கடி காண்கிற பிழை, 1 மணி 20 நிமிடத்தை 1.20 மணி என்று எழுதுவது. பணத்தில் 1 ரூபாய் 20 காசு என்றால் 1.20 ரூபாய் என்பது சரி, ஏனென்றால் ஒரு ரூபாய்க்கு நூறு காசு. ஒரு மணிக்கோ அறுபது நிமிடம்தான். எனவே 20 நிமிடம் என்பது 20/60, அதாவது 1/3 மணி; 1 மணி 20 நிமிடம் என்பது 4/3 மணி. அதைப் பதின்மமாக எழுதினால் 1.333 என்று முடிவில்லாமல் நீளும் என்பதால், நேரத்தைப் பின்னமாகவே வைத்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் வற்புறுத்துகிறேன். பின்னத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் பதின்மத்தில் தஞ்சம் புகுந்தால், கடைசியில் தொலைவு 7.98 என்று வந்து, அது 8 தானா இல்லையா என்ற குழப்பத்தில் நிற்பார்கள்.

இரண்டாவது, வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கொடுக்கப்பட்டிருந்தால் நேரமும் மணியில்தான் இருக்க வேண்டும். ரயில் ஒரு கம்பத்தைக் கடப்பது போன்ற கணக்குகளில் மீட்டரும் விநாடியும் வரும். ஒரு கிலோமீட்டருக்கு 1000 மீட்டர், ஒரு மணிக்கு 3600 விநாடி என்பதால், மணிக்குக் கிலோமீட்டரை விநாடிக்கு மீட்டராக மாற்ற 1000/3600, அதாவது 5/18 ஆல் பெருக்க வேண்டும். திரும்ப மாற்ற 18/5 ஆல் பெருக்க வேண்டும். எதற்கு எது என்று மறந்துபோனால், மணிக்கு 18 கி.மீ. என்பது விநாடிக்கு 5 மீட்டர் என்ற ஒன்றை நினைவில் வைத்திருந்தால் போதும்.

சமம் ஒளிந்திருக்கும் இடம்

பாடநூல்களில் மாறிகளுக்கு, அதாவது மதிப்புத் தெரியாத அளவுகளுக்கு, ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துவார்கள். நான் இங்கே நேரத்திற்கு 'ந', வேகத்திற்கு 'வ', தொலைவிற்குத் 'த' என்று வைத்துக்கொள்கிறேன். எந்த எழுத்து என்பதால் கணக்கு மாறாது.

பயணக் கணக்குகளில் சமம் என்பது பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். இரண்டு பயணங்களின் தொலைவு ஒன்றாக இருக்கலாம். ஒருவர் போன வழியிலேயே திரும்பி வந்தாலும், பின்னால் புறப்பட்டவர் முன்னால் சென்றவரைப் பிடித்தாலும் இதுதான் நிகழ்கிறது. இரண்டு பயணங்களின் நேரம் ஒன்றாக இருக்கலாம். அல்லது இரண்டு துண்டுகளைக் கூட்டினால் கிடைக்கும் மொத்தம் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கலாம். கதையைப் படித்தவுடன் எழுதத் தொடங்காமல், இந்த மூன்றில் எது என்று வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்லிப் பார்க்க வேண்டும். "இரண்டு பேரும் போன தூரம் ஒன்றுதான்" என்று சொல்ல முடிந்த பிள்ளை, அந்த வாக்கியத்தில் 'ஒன்றுதான்' வருமிடத்தில் சமக்குறியைப் போட்டுவிடும்.

எர்ணாவூரில் வசிக்கும் ஒரு மாணவி ராயபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குத் தினமும் ஒரே நேரத்தில் புறப்பட்டு மிதிவண்டியில் செல்கிறாள். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சென்றால் மணி அடித்து 5 நிமிடம் கழித்துச் சேருகிறாள். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சென்றால் மணி அடிக்க 3 நிமிடம் இருக்கும்போதே சேருகிறாள். பள்ளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

கேட்கப்பட்டது தொலைவு என்பதால் பெரும்பாலோர் தொலைவையே த என்று வைப்பார்கள். அப்படி வைத்தால் மெதுவாகச் செல்லும் நேரம் த/12, வேகமாகச் செல்லும் நேரம் த/15. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 5 + 3 = 8 நிமிடம், அதாவது 8/60 மணி. எனவே:

த/12 − த/15 = 8/60

இரு பக்கத்தையும் 60 ஆல் பெருக்கினால் 5த − 4த = 8; ஆக, தொலைவு 8 கி.மீ. இது சரியான வழிதான். ஆனாலும் ஐந்தையும் மூன்றையும் கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா என்ற இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். தாமதமும் முன்னதாகச் சேர்வதும் மணி அடிக்கும் கணத்தின் இரு பக்கங்களில் இருப்பதால் கூட்ட வேண்டும் என்பதை, ஒரு கோடு வரைந்து நடுவில் மணியைக் குறித்துக் காட்டினால்தான் அவர்களுக்கு விளங்குகிறது.

தொலைவை விட்டுவிட்டு, மணி அடிப்பதற்குச் சரியாகச் சேர வேண்டிய நேரத்தை ந நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தடுமாற்றமே எழுவதில்லை. மெதுவாகச் சென்ற நாளில் அவள் ந + 5 நிமிடம் மிதித்தாள். வேகமாகச் சென்ற நாளில் ந − 3 நிமிடம் மிதித்தாள். இரண்டு நாளும் சென்ற தொலைவு ஒன்றே:

12(ந + 5)/60 = 15(ந − 3)/60

இரு பக்கமும் இருக்கும் 60 நீங்கிவிடுவதால் 12ந + 60 = 15ந − 45 என்றாகிறது. பக்கம் மாற்றினால் 3ந = 105; ந = 35. மெதுவாகச் சென்ற நேரம் 40 நிமிடம். மணிக்கு 12 கி.மீ. வீதம் 40 நிமிடத்தில் 8 கி.மீ. வேகமாகச் சென்ற நேரம் 32 நிமிடம். மணிக்கு 15 கி.மீ. வீதம் அதுவும் 8 கி.மீ. கேட்கப்பட்டதைத்தான் மாறியாக வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எதை மாறியாக வைத்தால் மற்றவை எல்லாம் எளிதாக எழுத வருகின்றனவோ அதை வைத்துவிட்டு, கடைசியில் கேட்டதற்கு ஒரு படி கூடுதலாகப் போகலாம். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கற்றுக்கொண்ட பிறகு கணக்கின் மீதிருந்த அச்சத்தை விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எதிரெதிரே வரும் ரயில்கள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடத்தைக் கடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், ரயில் கணக்கை வேற்றூர்க் கதையாக நினைக்க வேண்டியதில்லை என்பதால், எங்கள் கணக்குகளில் எப்போதும் எங்கள் பக்கத்து ஊர்களே வரும்.

சென்னை சென்ட்ரலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடைப்பட்ட தொலைவை 48 கி.மீ. என்று கொள்வோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து காலை 6.00 மணிக்கு ஒரு மின்சார ரயில் புறப்பட்டு, நிறுத்தங்களையும் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வருகிறது. சென்ட்ரலிலிருந்து 6.30 மணிக்கு இன்னொரு ரயில் புறப்பட்டு, சராசரியாக மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகிறது. இரண்டும் எப்போது, எங்கே ஒன்றையொன்று கடக்கும்?

இப்படி இரண்டு பயணங்கள் வரும்போதெல்லாம், வேகம், நேரம், தொலைவு என்று மூன்று கட்டங்களை வரைந்து, பயணத்திற்கு ஒரு வரி வீதம் நிரப்பிக்கொள்வது நல்லது.

கும்மிடிப்பூண்டி ரயில்: வேகம் 30, நேரம் ந, தொலைவு 30ந
சென்ட்ரல் ரயில்: வேகம் 36, நேரம் ந − 1/2, தொலைவு 36(ந − 1/2)

இரண்டாம் வரியின் நேரத்தில்தான் பிழை நேர்கிறது. அரை மணி தாமதமாகப் புறப்பட்டது என்றதும், 'தாமதம்' என்ற சொல் கூட்டலை நினைவூட்டுவதால் பலரும் ந + 1/2 என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி, சந்திக்கும் கணம் வரை எந்த வண்டி அதிக நேரம் ஓடியிருக்கும் என்பது. முன்னதாகக் கிளம்பியதே அதிக நேரம் ஓடியிருக்கும். பின்னால் கிளம்பியதற்கு அரை மணி குறைவு. கடிகாரம் காட்டும் நேரம் வேறு, ஓடிய நேரம் வேறு. சூத்திரத்தில் வரும் நேரம் ஓடிய நேரம் மட்டுமே.

இரண்டும் கடந்த தொலைவுகளைக் கூட்டினால் மொத்தப் பாதை கிடைக்கிறது என்பதுதான் இங்குள்ள சமம்:

30ந + 36(ந − 1/2) = 48

அடைப்பை நீக்கினால் 66ந − 18 = 48; அதனால் 66ந = 66; ந = 1. ஆகவே காலை 7.00 மணிக்குச் சந்திக்கின்றன. கும்மிடிப்பூண்டி ரயில் 30 கி.மீ. வந்திருக்கும், சென்ட்ரல் ரயில் அரை மணியில் 18 கி.மீ. போயிருக்கும், அதாவது எண்ணூர், அத்திப்பட்டு பக்கம். இரண்டையும் கூட்டினால் 48.

முன்னால் போனவரைப் பிடிப்பது

காசிமேட்டிலிருந்து அதிகாலை 3.00 மணிக்கு ஒரு விசைப்படகு மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் கடலுக்குள் செல்கிறது. வாக்கி டாக்கியைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும், 3.40 மணிக்கு ஒரு ஃபைபர் படகு அதை எடுத்துக்கொண்டு, அதே திசையில் மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் விரைகிறது. எப்போது எட்டிப் பிடிக்கும்?

ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. என்றாலும், வேகம், தொலைவு இரண்டும் கடல் மைலிலேயே இருப்பதால் இங்கே மாற்ற வேண்டிய தேவை இல்லை. பிடிக்கும் கணத்தில் இரண்டு படகும் கரையிலிருந்து ஒரே தொலைவில் இருக்கின்றன. விசைப்படகு ஓடிய நேரம் ந என்றால், 40 நிமிடம் என்பது 2/3 மணி என்பதால்:

6ந = 10(ந − 2/3)

4ந = 20/3; ந = 5/3 மணி, அதாவது 1 மணி 40 நிமிடம். ஆகவே 4.40 மணிக்கு, கரையிலிருந்து 10 கடல் மைல் தொலைவில் பிடிக்கிறது.

மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் இந்தக் கணக்கை எழுதாமலே சொன்னான். ஃபைபர் படகு கிளம்பும்போது விசைப்படகு 4 கடல் மைல் முன்னால் இருக்கிறது; ஒவ்வொரு மணிக்கும் இடைவெளி 10 − 6 = 4 கடல் மைல் குறைகிறது; ஆக ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடும் என்றான். அவனுடைய வழியும் மேலே உள்ள சமன்பாடும் ஒன்றுதான். சமன்பாட்டை ஃபைபர் படகின் நேரத்தை வைத்து எழுதினால் 10ந = 6ந + 4 என்றாகும்; அதில் 6ந-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் (10 − 6)ந = 4. சார்பு வேகம் என்று தனிச் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறோமே, அது இந்தப் பக்கம் மாற்றலின் பெயர்தான். பிள்ளை தன் போக்கில் சரியாகச் சிந்தித்தால் அதைத் தடுக்காமல், அவன் சொன்னதைச் சமன்பாட்டில் அடையாளம் காட்டுவதே ஆசிரியர் செய்ய வேண்டியது.

மொத்தம் தெரிந்த பயணம்

பெரம்பூரில் பணி முடித்து அத்திப்பட்டுக்குத் திரும்பும் ஒருவர், திருவொற்றியூர் வரை பேருந்திலும் அங்கிருந்து மின்சார ரயிலிலும் செல்கிறார். மொத்தத் தொலைவு 22 கி.மீ.; காத்திருந்த நேரத்தைத் தவிர்த்துப் பயண நேரம் 1 மணி. பேருந்தின் வேகம் மணிக்கு 15 கி.மீ., ரயிலின் வேகம் மணிக்கு 36 கி.மீ. என்றால், பேருந்தில் எவ்வளவு தொலைவு சென்றார்?

இங்கே இரண்டு மொத்தங்கள் தெரியும். ஒன்றைக் கொண்டு மாறியைக் குறைக்கலாம், இன்னொன்றைக் கொண்டு சமன்பாட்டை எழுதலாம். பேருந்தில் ந மணி என்றால் ரயிலில் 1 − ந மணி. 15ந + 36(1 − ந) = 22; 21ந = 14; ந = 2/3. பேருந்தில் 40 நிமிடம், 10 கி.மீ.; ரயிலில் 20 நிமிடம், 12 கி.மீ.

சராசரி வேகம் பற்றிய ஒரு பொறியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மணலியிலிருந்து துறைமுகத்திற்கு ஒரு கன்டெய்னர் லாரி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சென்று, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது, போக வர ஆன நேரம் 1 மணி. சராசரி வேகம் 25 என்று சொல்லாத பிள்ளையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். போகும் நேரம் ந என்றால் 20ந = 30(1 − ந); ந = 3/5 மணி, அதாவது 36 நிமிடம். ஒருவழித் தொலைவு 12 கி.மீ.; ஒரு மணியில் மொத்தம் 24 கி.மீ. எனவே சராசரி 24. மெதுவான வேகத்தில் லாரி அதிக நேரம் இருந்ததால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்கிறது.

ஆற்றோட்டம், ரயிலின் நீளம்

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கி, வற்றத்தின்போது நீர் கடல் பக்கம் ஓடுகிறது. அந்த ஓட்டத்தோடு 6 கி.மீ. செல்ல ஒரு படகுக்கு 40 நிமிடமும், ஓட்டம் மாறுவதற்குள் எதிர்த்துத் திரும்ப 1 மணியும் ஆகிறது. ஓட்டத்தோடு வேகம் மணிக்கு 9, எதிரே மணிக்கு 6. படகின் சொந்த வேகம் வ என்றால் நீரின் வேகம் 9 − வ; எதிரே செல்லும்போது வ − (9 − வ) = 6; 2வ = 15; வ = 7.5. நீரின் வேகம் மணிக்கு 1.5 கி.மீ.

ரயில் நீளக் கணக்கில் ஒரே ஒரு நுணுக்கம்தான் உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கும்: எஞ்சின் தாண்டியதும் கேட் திறப்பதில்லை, கடைசிப் பெட்டி போக வேண்டும். ஆகவே ஒரு கம்பத்தைக் கடக்க ரயில் தன் நீளத்தையும், பாலத்தைக் கடக்கத் தன் நீளத்தோடு பாலத்தின் நீளத்தையும் ஓட வேண்டும். கேட் கம்பத்தை 24 விநாடியிலும், 300 மீட்டர் பாலத்தை 44 விநாடியிலும் கடக்கும் ரயிலின் நீளம் 24வ. எனவே 24வ + 300 = 44வ; வ = 15 மீட்டர். விநாடிக்கு 15 மீட்டர் என்பது மணிக்கு 54 கி.மீ.; ரயிலின் நீளம் 360 மீட்டர்.

சரிபார்ப்பதும், விட்டுவிட வேண்டியதும்

விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது போதாது. சமன்பாட்டையே தவறாக அமைத்திருந்தால், தவறான விடையும் அதில் அழகாகப் பொருந்தும். முந்தைய ரயில் கணக்கில் ந + 1/2 என்று எழுதியவருக்கு 66ந = 30 என்று வரும்; அதைத் தன் சமன்பாட்டில் போட்டால் இரு பக்கமும் சரியாகவே இருக்கும். ஆனால் ந என்பது அரை மணியைவிடக் குறைவு, அதாவது சென்ட்ரல் ரயில் கிளம்புவதற்கு முன்பே சந்திப்பு நிகழ்ந்துவிட்டது என்று ஆகிறது. எனவே விடையைக் கதைக்குள் கொண்டுபோய், கடிகாரத்தையும் ஊரையும் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

வேகம் தெரியாமல், "மணிக்கு 5 கி.மீ. கூட்டினால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்" என்பது போல வந்தால், வேகத்தைக் குறிக்கும் மாறி, பின்னங்களின் பகுதியில் (கோட்டுக்குக் கீழே) இரண்டு வடிவில் அமர்ந்து, பெருக்கும்போது இருபடிச் சமன்பாடாகிவிடும். அது பத்தாம் வகுப்பில் வருவது. இந்த முறையால் முடியவில்லையே என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை வருந்தத் தேவையில்லை.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான ஏறத்தாழ 9 கி.மீ. மெட்ரோ தடம் 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. வண்ணாரப்பேட்டையிலிருந்து காலை 7.00 மணிக்கு ஒருவர் மிதிவண்டியில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் வடக்கே செல்கிறார். விம்கோ நகரிலிருந்து 7.25 மணிக்கு ஒரு மெட்ரோ ரயில் சராசரியாக மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் தெற்கே வருகிறது. சாலையும் தடமும் ஒரே நீளம் என்று கொண்டால், மேம்பாலத் தடத்தில் வரும் ரயில் அவரை எப்போது கடக்கும்? கட்டங்களை வரைந்து, நேர வரியில் கூட்டலா கழித்தலா என்று ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு எழுதினால், 7.30 மணி, வண்ணாரப்பேட்டையிலிருந்து 6 கி.மீ. என்று விடை வர வேண்டும்.